ஊரோடு ஒத்து உடுத்த: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஏப்ரலில் பாரிஸ், ரோம் போகிறோம். பிக்பாக்கெட் தொல்லை இருப்பதால் டூரிஸ்ட் போலத் தெரியக் கூடாது என்கிறார்கள். எல்லாமே புதுத் துணியாக வாங்க வேண்டுமா? (வாசகி, கோவை)

வேண்டாம். பாரிஸுக்கு நம் முகம் புதிதில்லை. கார் து நார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பல் பகுதிக்குப் போனால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும். ஜேப்படிக்காரன் உங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்க்கிறான். வயிற்றில் துருத்தும் பெல்ட் பவுச், பின் பாக்கெட்டில் பாதி வெளியே தெரியும் போன், டூர் கம்பெனி கொடுத்த ஒரே நிறத் தொப்பியில் மொத்தக் குடும்பம்: இவைதான் காட்டிக் கொடுக்கும்.

நீங்கள் ஆபீஸுக்குப் போடும் கருநீல ஜீன்ஸ், ஒரே நிறச் சட்டை அல்லது குட்டை குர்தா போதும். பாரிஸில் கறுப்பு, சாம்பல், கருநீலம்தான் அதிகம் கண்ணில் படும். அதற்காக உங்கள் மஞ்சள் குர்தாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், போட்டோவுக்கு அது நன்றாக இருக்கும். செலவு செய்வதாக இருந்தால் ஷூவுக்குச் செய்யுங்கள். ரோமின் பழைய தெருக்களில் கல் பாவியிருக்கும், ஹீல்ஸ் போட்டு நடக்க முடியாது. புது ஷூவைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே வாங்கி, தெருவில் நடந்து பழக்கிவிடுங்கள்.

மெட்ரோவில் முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கதவோரம் நின்று போன் பார்க்க வேண்டாம், கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

அப்புறம், ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும். வாடிகனில் புனித பேதுரு பேராலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இந்த விதி ஆண்களுக்கும்தான். வெயிலில் வரிசையில் நின்று வாசல்வரை போன பிறகு, அரை டவுசர் போட்டிருப்பதால் வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்பினால் மனசு விட்டுப்போகும்.

அம்மாவுக்கு 67 வயது. புடவை தவிர வேறெதுவும் உடுத்தியதில்லை. அக்டோபரில் தங்கை வீட்டுக்கு ஜெர்மனி போகிறார். சுடிதாருக்கு மாறச் சொன்னால் அழுகிறார். (வாசகர், மதுரை)

மாறச் சொல்லாதீர்கள், ஐயா. இத்தனை வருடம் உடுத்திய புடவையை விட்டுவிட்டு யாருக்காகவோ பேன்ட் போட்டுக் கூனிக் குறுகி நடப்பதைவிட, புடவையில் நிமிர்ந்து நடப்பது எவ்வளவோ மேல். தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே.

குளிருக்கும் படிக்கட்டுக்கும் மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். உள்பாவாடைக்குள் தெர்மல் பேன்ட், ரவிக்கைக்குப் பதில் கழுத்தை ஒட்டிய முழுக்கை உல்லன் டாப். அதன்மேல் புடவை கட்டிப் பார்த்தால் அம்மாவுக்கே பிடித்துவிடும். தரையில் புரளும் கட்டு ஆகாது. மழை ஈரத்தில் கரை நனையும், எஸ்கலேட்டரில் கொசுவம் சிக்கும். கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, முந்தானையை இடுப்பில் செருகி ஊக்கு குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். செருப்பு வேண்டாம்; சாக்ஸும் அடி வழுக்காத மூடிய ஷூவும் போடட்டும். கோட்டு முழங்கால்வரை நீண்டதாக இருந்தால் கொசுவத்துக்குள் காற்றுப் புகாது. தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை, டாப்புக்குள் விட்டுக்கொண்டால் போதும். மற்ற நகைகள் பீரோவிலேயே இருக்கட்டும்.

பாங்காக் அரண்மனைக்கு லெகின்ஸ் போட்டுப் போகலாமா? (வாசகி, சேலம்)

உடம்பை ஒட்டிய லெகின்ஸ் மட்டும் போட்டால் வாசலில் தடுப்பார்கள். கிழிசல் ஜீன்ஸ், கையில்லாச் சட்டைக்கும் அனுமதி கிடையாது. தொளதொளப்பான காட்டன் பேன்ட்டும் கைவைத்த சட்டையும் போடுங்கள். அந்த வெயிலுக்கும் அதுதான் சுகம்.

கியோட்டோவில் கிமோனோ வாடகைக்கு எடுத்து உடுத்தினால் ஜப்பானியர் தப்பாக நினைப்பார்களா? (வாசகி, சென்னை)

நினைக்க மாட்டார்கள். வெளிநாட்டவருக்கு வாடகைக்குக் கொடுத்து, உடுத்தியும் விடும் கடைகள் அங்கே நிறைய இருக்கின்றன. பாரம்பரிய விடுதிகளில் கொடுக்கும் யுகாட்டாவை (கிமோனோ போன்ற மெல்லிய அங்கி) நீங்களே கட்டும்போதுதான் கவனம் வேண்டும். உங்கள் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கத்தை மேலே போடுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

கிமோனோவைவிட சாக்ஸைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். பல கோயில்களிலும் விடுதிகளிலும் ஷூவைக் கழற்ற வேண்டும், ஓட்டை சாக்ஸ் பளிச்சென்று தெரியும். கோரைப்பாய் விரித்த அறைக்குள் வீட்டுச் செருப்புகூடக் கூடாது. கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு வைத்திருப்பார்கள், அதோடு வெளியே வந்துவிடாதீர்கள். லேஸ் இல்லாத ஷூ கொண்டுபோனால் பாதித் தொல்லை தீரும்.

கிரிக்கெட் பார்க்க பார்படாஸ் போகிறேன். இந்திய அணி ஜெர்சி போட்டுத் திரியலாமா? (வாசகர், திருச்சி)

தாராளமாக. ஆனால் ராணுவ உடையில் வரும் திட்டுத்திட்டான கேமஃப்ளாஜ் டிசைன் மட்டும் ஆகாது. பார்படாஸில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்டப்படி குற்றம். ஜமைக்காவிலும் டிரினிடாட்டிலும் இதே கதைதான். குழந்தைகளுக்கும் விலக்கில்லை. மகனையும் கூட்டிப் போவதாக இருந்தால், அவனுடைய டவுசர், தொப்பி, தோள்பை எல்லாவற்றையும் பெட்டி கட்டும்போதே ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.