கேள்வி – பதில்: வருவோரும் போவோரும்

கேள்வி: சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் முப்பது, நாற்பது ஆண்டுகளில் எத்தனை பேர் வசிப்பார்கள் என்பதை இப்போதைய வளர்ச்சி விகிதத்தை வைத்தே சொல்லிவிடலாமே? இதற்கென்று கணித மாதிரி எதற்கு? (செங்கல்பட்டு வாசகர்)

பதில்: சொல்லிப் பார்ப்போம். 2001-க்கும் 2011-க்கும் இடையில், அன்றைய எல்லைப்படி, சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 7 விழுக்காடும் காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 39 விழுக்காடும் பெருகின. காஞ்சிபுரத்தின் 40 லட்சத்தை இதே விகிதத்தில் பெருக்கிக்கொண்டே போனால், 2051-இல் அது ஒன்றரைக் கோடியை நெருங்கிவிடும். அத்தனை பேருக்கும் குடிநீர்க் குழாய் பதிக்கத் துணிகிற பொறியாளரை நான் இதுவரை சந்தித்ததில்லை. பிறப்பு விகிதம் குறைந்துவிட்ட தமிழ்நாட்டில் 39 விழுக்காடு என்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களால் நேர்ந்தது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அங்கே இன்னும் எத்தனை பேர் மிச்சமிருக்கிறார்கள் என்பதைப் பற்றி வளர்ச்சி விகிதம் வாய் திறப்பதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நகரத்தில் 45 லட்சம் பேர், புறநகரில் 40 லட்சம் பேர். பத்தாண்டுக்கு ஒருமுறை நகரத்தாரில் 20 விழுக்காட்டினர் புறநகருக்கும், புறநகராரில் 10 விழுக்காட்டினர் நகரத்துக்கும் மாறுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு, இறப்பை எளிமைக்காக விட்டுவிடுவோம். முதல் பத்தாண்டில் 9 லட்சம் பேர் வெளியே போக, 4 லட்சம் பேர் உள்ளே வருகிறார்கள். புறநகர் 45 லட்சமாகிறது. அடுத்த பத்தாண்டில் 48.5 லட்சம், அதற்கடுத்து ஏறத்தாழ 51 லட்சம். மனிதர்களின் போக்கு சற்றும் மாறவில்லை, அதே 20, அதே 10. ஆனாலும் பெருக்கம் 5 லட்சம், 3.5 லட்சம், 2.45 லட்சம் என்று தானாகவே தணிந்து, புறநகர் 57 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிலைகொண்டுவிடுகிறது. இரண்டு பகுதிகளுக்குப் பதிலாக நாற்பது பகுதிகளை எடுத்து, ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் தனித்தனியே இதைச் செய்தால், அதுதான் மக்கள்தொகையியலாளர் ஆந்திரே ராஜர்ஸ் வளர்த்தெடுத்த பல்பகுதி மாதிரி. வயதைப் பிரிப்பது வீண் நுணுக்கமன்று. இடம்பெயர்வோரில் இருபதுகளில் இருப்பவர்களே அதிகம் என்பதால், வாடகை வீடும் பேருந்தும் முதலில் தேவைப்படும், தொடக்கப்பள்ளி சில ஆண்டுகள் கழித்துத் தேவைப்படும்.

கணக்கில் இன்னொன்றையும் கவனியுங்கள்: முதல் பத்தாண்டில் போனவர்களில் வந்தவர்களைக் கழித்த மிச்சக் கணக்கு 5 லட்சம்தான், வீடு மாற்றியவர்களோ 13 லட்சம் பேர். மிச்சத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுகிறவர் 8 லட்சம் பேரின் நடமாட்டத்தைத் தவறவிடுகிறார்.

கேள்வி: மக்களின் இடப்பெயர்வை நியூட்டனின் ஈர்ப்பு விதியைப்போல் கணக்கிடுகிறார்களாமே, மனிதர்கள் என்ன கோள்களா? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை, ஆயினும் உவமை பயன்படுகிறது. பெரும்பாலோர் குறைந்த தொலைவுக்கே பெயர்கிறார்கள், ஒவ்வொரு பெயர்வுக்கும் எதிர்த்திசையில் ஒரு பெயர்வு உண்டு என்று பிரிட்டனின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்ந்து புவியியலாளர் ராவன்ஸ்டீன் 1885-இலேயே எழுதினார். நியூட்டன் இரண்டு பொருள்களின் நிறையைப் பெருக்கியதுபோல், இரண்டு ஊர்களின் மக்கள்தொகையைப் பெருக்கி, இடைத்தொலைவால் வகுத்தால், அவற்றுக்கிடையே ஆட்கள் போய்வரும் அளவு கிடைக்கும் என்று 1946-இல் அமெரிக்க மொழியியலாளர் ஜிப்ஃப் சொன்னார். அதற்கு முன்பே, 1940-இல், அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டவ்ஃபர் வேறொரு கருத்தை வைத்திருந்தார்: ஆட்களைத் தடுப்பது தொலைவு அன்று, வழியிலேயே கிடைத்துவிடும் வாய்ப்புகள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடிச் சென்னைக்குக் கிளம்பும் இளைஞருக்குத் திருப்பெரும்புதூர் தொழிற்சாலையில் இடம் கிடைத்துவிட்டால், அவர் சென்னைவரை வரப்போவதில்லை. நமக்கு ஸ்டவ்ஃபரே அதிகம் பொருந்துகிறார் என்பது என் எண்ணம்.

தொலைவு என்பதைக் கிலோமீட்டரில் அளப்பதா, பயண நேரத்தில் அளப்பதா என்பதும் சாதாரணக் கேள்வியன்று. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் தினமும் போய்வர முடிகிறவர் வீட்டை மாற்ற வேண்டியதில்லை. அதாவது ரயில் வசதி கூடினால் பயணிகள் கூடலாம், குடிபெயர்வோர் குறையலாம்.

சூத்திரத்தைவிடத் தரவில்தான் சிக்கல் அதிகம். 2011 கணக்கெடுப்பின்படி, முன்பு வசித்த இடத்தை விட்டு வேறிடத்தில் வாழும் இந்தியர்கள் சுமார் 45 கோடிப் பேர். ஆனால் பெண்களில் மிகப் பெரும் பகுதியினர் குறிப்பிட்ட காரணம் திருமணம். அவை பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்களுக்குள் நடக்கும் பெயர்வுகள். இவற்றையும் வேலைக்காகப் போவோரையும் ஒன்றாகக் கலந்து மாதிரியைப் பொருத்தினால், வேலை தேடுவோரும் தொலைவுக்கு அஞ்சுவதாகப் பொய்யான முடிவு கிடைக்கும். செங்கல் சூளைக்குச் சில மாதங்கள் மட்டும் வந்துபோகும் குடும்பங்களோ அட்டவணைகளில் சரியாகப் பதிவாவதே இல்லை. இந்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லா ரயில் பயணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் வேலைக்குப் போவோர் ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் என்று மதிப்பிட்டது இந்தக் குறையை ஈடுசெய்யத்தான்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அதற்கான குறிப்பு நாள், அதாவது எந்த நாளின் மக்கள்தொகையாகக் கணக்கிடப்படுமோ அந்த நாள், நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதன் இடப்பெயர்வு அட்டவணைகள் வெளிவரும்வரை, ஊர்த் திட்டம் வகுப்போர் 2011-இன் எண்களோடு மின் இணைப்பு, குடும்ப அட்டை போன்றவற்றின் கணக்கையும் ஒப்பிட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.