பாடலோடு அந்த இடத்தையும் சொல்லுங்கள்

உயிராக நேசிக்கும் பாடலை அனுப்பினால் நண்பரிடமிருந்து ‘நன்றாக இருக்கிறது’ என்ற ஒற்றை வரிதான் வருகிறது, ஏன் பிடிக்கிறது என்று விளக்கவும் தெரியவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். முழுப் பாடலையும் விளக்க முயலாதீர்கள். உங்களை உலுக்கும் ஓரிடத்தைத் தேடுங்கள். உளவியலாளர் ஜான் ஸ்லோபோடாவின் 1991ஆம் ஆண்டு ஆய்வில், பலர் கண்ணீர் வந்த இடங்களைத் துல்லியமாகவே காட்டினார்கள். அங்கெல்லாம் பெரும்பாலும் மெட்டு பக்கத்து ஸ்வரத்தில் சற்றே தயங்கி, பிறகுதான் உரிய ஸ்வரத்தில் இறங்கியது. அழகான கண்டுபிடிப்பு!

ஆகவே, “இரண்டாம் சரணத்தில் வயலின் ஓய்ந்து குரல் மட்டும் நிற்பதைக் கேள்” என்று எழுதுங்கள். அந்தப் பாடல் உங்களுக்குள் கிளறும் நினைவையும் ஒளிக்காமல் சேருங்கள். அது நண்பரிடம் இல்லையே. ஒரு நேரத்தில் ஒரு பாடல் போதும். முதல்முறை ஒட்டாதது மூன்றாம்முறை பிடித்துப்போகலாம், அவருக்கு அவகாசம் கொடுங்கள்.