நிவாரண லொறிச் சாரதியிடம் கேட்டவை

வன்னிக்கு அரிசியும் மாவும் ஏற்றிப் போன லொறியில் 2006 முதல் 2008 வரை சாரதியாக இருந்தேன். இப்போது ஹட்டனில் இருக்கிறேன். போர்ப் பகுதியில் நிவாரணப் பணியாளர்களின் பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொட்டகலை மாணவி: அண்ணா, துப்பாக்கியோடு ஓர் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகலாமே?

கூடாது தங்கச்சி. துப்பாக்கி ஏறினால் எதிர்த்தரப்புக்கு அது நிவாரண வண்டியே இல்லை. துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கரை எங்கள் கதவில் ஒட்டியிருந்ததே அதற்குத்தான்.

தலவாக்கலை வேன் சாரதி: சோதனைச் சாவடியில் எப்படி நடந்துகொள்வீர்கள்?

தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பேன். இருட்டும் நேரமென்றால் ஹெட்லைட்டை மங்கலாக்கி உள்லைட்டைப் போடுவேன். காவலுக்கு நிற்கும் பையனுக்கு முதலில் என் முகம் தெரிய வேண்டும். கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைப்பேன். பத்திரம் எடுக்கக்கூட "எடுக்கட்டுமா?" என்று கேட்ட பிறகுதான் கை கீழே போகும். ஓமந்தையில் மூட்டைகளை இறக்கி, குத்திப் பார்த்து, திரும்ப ஏற்றச் சொல்வார்கள். வெயிலில் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இன்றைக்குச் சண்டை போட்டால் நாளைக்கு வரும் லொறிக்குப் பாதை அடைபடும்.

பண்டாரவளை நண்பர்: எந்த வண்டியிலும் செஞ்சிலுவை வரைந்துகொண்டால்?

அது குற்றம். உண்மையான அம்புலன்ஸ் மீதும் பிறகு சந்தேகம் விழும்.

நுவரெலியா ஆசிரியர்: சட்டம் காப்பாற்றாதா?

சேர், நிவாரணப் பணியாளரைக் குறிவைத்துத் தாக்குவது போர்க்குற்றம்தான். ஆனால் 2006 ஆகஸ்ட் 4 அன்று மூதூரில், பட்டினிக்கு எதிராக வேலை செய்த ஒரு பிரெஞ்சு அமைப்பின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு தமிழர், ஒரு முஸ்லிம், எல்லாருமே இந்த நாட்டுப் பிள்ளைகள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. காசாவில் 2024 ஏப்ரல் 1 அன்று, போகும் பாதையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு உணவு உதவிக்குப் போன ஏழு பேர் கொல்லப்பட்டார்கள். செத்தவர்களுக்கு நியாயம் கிடைக்காதவரை அடுத்த லொறிக்கும் பயம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

மஸ்கெலியா தாய்: தம்பி, மகனுக்கு வெளிநாட்டில் ஒரு நிவாரண அமைப்பில் சாரதி வேலை வந்திருக்கிறது. அனுப்பலாமா?

அம்மா, கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். காப்புறுதி சாரதிக்கும் உண்டா? ஆபத்து வந்து மேலதிகாரிகளை வெளியேற்றினால், அதே வண்டியில் இவனுக்கும் இடம் உண்டா? பாதை சரியில்லையென்று இவன் லொறியைத் திருப்பினால் வேலை போகுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அனுப்பாதீர்கள்.