கெர்பர் கொடுத்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு, எஸ்டி கார்டை டிஸ்க் போலக் காட்டும் எக்ஸ்பான்ஷன் கார்டு ஒன்று செய்திருக்கிறேன். போர்டு தயாரிக்க அனுப்பும் கெர்பர் கோப்புகளையும் உதிரிபாகப் பட்டியலையும் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். செய்து பார்த்த ஒருவர், தன் மெஷினில் நாலு தடவைக்கு ஒரு தடவை டிஸ்க் எர்ரர் வருகிறது என்கிறார். என்னுடையதில் ஒரு குறையும் இல்லை. அவர், போர்டு வரைய நான் பயன்படுத்திய கிகேட் மென்பொருளின் மூலக் கோப்புகளைக் கேட்கிறார். கொடுத்தால் யாராவது அப்படியே தயாரித்து விற்பார்களோ என்று தயங்குகிறேன். கெர்பர் கொடுத்தாலே அது யாரும் படித்து மாற்றிச் செய்யக்கூடிய ‘திறந்த வன்பொருள்’தானே?

பி.கு: மெஷினுக்கும் கார்டுக்கும் நடுவே தரவு போகும் டேட்டா பஸ்ஸில் நேராக உட்கார்ந்திருப்பது 74எச்சி245 என்ற சிப், 5 வோல்ட்டில் ஓடுகிறது.

ர.

அன்புள்ள ர.,

பின்குறிப்பில் எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து மெஷின்கள் பேசுவது டிடிஎல் என்ற பழைய சிப் வகையின் வோல்ட் கணக்கில். 2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் அது 1. அனுப்பும் சிப் 2.4 வோல்ட் கொடுத்தாலே தன் கடமை முடிந்தது என்று இருந்துவிடும். உங்கள் எச்சி சிப்போ, 5 வோல்ட்டில் ஓடும்போது சுமார் 3.5 வோல்ட் வந்தால்தான் அதை 1 என்று உறுதியாக ஏற்கும். நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் யாருக்கும் சொந்தமில்லாத இடம். உங்கள் மெஷினின் பழைய சிப்கள் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்கின்றன, அதனால் ஓடுகிறது. அவருடையவை கணக்காகக் கொடுக்கின்றன. 74எச்சிடி245 வாங்கிப் போடச் சொல்லுங்கள். அதே கால்கள், அதே அளவு, 2 வோல்ட்டையே 1 என்று எடுத்துக்கொள்ளும். போர்டை மாற்ற வேண்டாம்.

இதையே அவர் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியுமா? பட்டியலில் சிப்பின் பெயர் இருக்கிறது. ஆனால் அது பஸ்ஸைப் பார்த்து நிற்கிறதா, உள்ளே வேறு எதற்கோ இருக்கிறதா என்பது சுற்றுப்படத்தைப் பார்த்தால்தான் தெரியும். கெர்பர் என்பது அச்சுக்குப் போகும் படம். எங்கே செம்பு, எங்கே துளை என்று மட்டும் சொல்லும். அதை வைத்து இன்னொரு பிரதி எடுக்கலாம். பழுது பார்க்கவோ, மாற்றிச் செய்யவோ தடவித் தடவித்தான் போக வேண்டும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை, போதாது.

நீங்கள் கார்டு செய்யும் மெஷினையே பாருங்கள். 1977இல் வந்த அதில், கார்டு செருகும் ஸ்லாட் இரண்டு போதும் என்றார் ஆப்பிள் நிறுவனர்களில் ஒருவரான ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் அதை வடிவமைத்த வாஸ்னியாக். 1978இல் வந்த கையேட்டில் முழுச் சுற்றுப்படமும் மெஷினின் அடிப்படை நிரல் இருக்கும் மானிட்டர் ரோமின் (அழியாத நினைவகம்) அசெம்பிளி பட்டியலும் அச்சாகியிருந்தன. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் 16 முகவரிகள், 0ஆம் ஸ்லாட் தவிர மற்றவற்றுக்குக் கூடவே 256 பைட் ரோமுக்கு இடம் என்று அன்றே வகுத்துக் கொடுத்ததால்தான் இன்று உங்கள் கார்டு அதில் போய் உட்காருகிறது.

அந்தக் கையேட்டை ஒழுங்காகப் படிக்காமல் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 50 கால் ஸ்லாட்டில் 1 முதல் 25 வரை ஒரு பக்கம், 26 முதல் 50 வரை மறுபக்கம். 1க்கு நேர் எதிரே 50. நான் ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை மறுபக்கம் என்று வரைந்துவிட்டேன். போர்டு வந்த பிறகு மீட்டரை வைத்துப் பார்த்தபோது, 50ஆம் காலில் வரும் 12 வோல்ட் எங்கே போயிருக்கும் என்று தெரிந்தது. நல்லவேளை, செருகவில்லை. ஐந்து போர்டும் குப்பைக்கு. இப்போது என் சுற்றுப்படத்தில் கால் எண்களுக்குப் பக்கத்திலேயே அதைக் குறிப்பாக எழுதி வைக்கிறேன். இந்த மாதிரிக் குறிப்புகள் கெர்பரில் போகாது.

சரி, விற்பார்களோ என்ற பயம். விற்பார்கள். கெர்பரை மட்டும் கொடுத்தாலும் விற்பார்கள், தயாரிக்க அது ஒன்றே போதுமே! மூலத்தை மறைப்பதால் அவர்களுக்கு நஷ்டமில்லை, சிப் மாற்ற நினைக்கும் அந்த மனிதருக்குத்தான் நஷ்டம். ‘வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு வரி சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்த்தால் அதைத் திறந்த வன்பொருள் என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் ஐரோப்பாவின் அணுத்துகள் ஆய்வகமான சேர்னின் ஓப்பன் ஹார்டுவேர் லைசன்ஸைப் பாருங்கள். 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் மூன்று வகை உண்டு. அவற்றில் ‘எஸ்’ வகையை எடுத்துக்கொண்டால், உங்கள் கார்டை மாற்றி விற்பவர் தன் மாற்றங்களின் மூலத்தையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்புறம் ஒன்று. கார்டின் ரோமில் பழைய கம்பெனி கார்டு எதிலிருந்தாவது ஒரு துண்டு நிரலை எடுத்துப் போட்டிருந்தால், அதை வெளியே எடுத்துவிட்டு நீங்களே எழுதுங்கள். பிறர் எழுதியதற்கு நாம் உரிமம் கொடுக்க முடியாது.

எச்சிடி போட்ட பிறகும் அதே தகராறு என்றால், ஒவ்வொரு சிப்பின் மின்காலுக்கும் ஒட்டினாற்போல் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் எனக்குச் சுற்றுப்படத்தை அனுப்புங்கள். கெர்பர் வேண்டாம்.