பழைய கணினிக்கு அப்டேட் நின்றுவிட்டது, வழக்குப் போடலாமா?

கேள்வி: 2017-ல் புதிதாக வாங்கிய என் கணினி இன்றும் நன்றாக ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது, விண்டோஸ் 10-க்கும் அப்டேட் நின்றுவிட்டது. போன மாதம் மகளுக்கு வாங்கிய பழைய லேப்டாப்பிலும் இதே கதை. விற்றவரோ "பல வருஷத்துக்கு அப்டேட் வரும்" என்று மெசேஜில் எழுதியிருந்தார். யார் மீது வழக்குப் போடலாம்?

பதில்: இரண்டையும் ஒரே வழக்காக நினைக்காதீர்கள். உங்கள் கணினியைப் பொறுத்தவரை வழக்கு நிற்பது கடினம். விண்டோஸ் 10 வெளிவந்த 2015-லேயே, ஆதரவு 2025 அக்டோபர் 14 வரைதான் என்று மைக்ரோசாஃப்ட் தேதி போட்டுச் சொல்லிவிட்டது. நீங்கள் வாங்கியது அதற்கு இரண்டு வருடம் கழித்து. அடுத்த பதிப்பும் இதே கணினியில் ஓடும் என்று யாரும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்காத வாக்கை மீறியதாக வாதாட முடியாது. உரிமமும் ரத்தாகவில்லை, தொடர்ந்து பயன்படுத்தலாம், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வழக்கமான அப்டேட்தான் வராது.

அப்டேட்டை நிறுத்துவது வேறு, அப்டேட் கொடுத்தே கருவியை முடக்குவது வேறு. போன்களை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக 2018-ல் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. உங்களுக்கு நடந்தது அது இல்லை.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் ஓடும் ஒரு பொருளை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, பிராசசர் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை என்று ஒதுக்கும்போது நஷ்டம் முழுக்க வாங்கியவர் தலையில் விழுகிறது. அப்டேட் எந்த வருடம் வரை என்பதை விலையோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் போனுக்கும் டேப்லெட்டுக்கும், அந்த மாடல் கடைசியாக விற்பனைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருட அப்டேட் என்ற விதி இருக்கிறது, லேப்டாப் அதில் வராது.

சரி, மகளின் லேப்டாப். இங்கே உங்கள் பக்கம் வலு இருக்கிறது, ஏனென்றால் பிரச்சினை அப்டேட் இல்லை, விற்றவர் எழுதிக் கொடுத்த பொய். பொய் சொல்லி விற்றால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை பெரும்பாலான நாடுகளின் சட்டத்தில் உண்டு. விளம்பரம், அந்த மெசேஜ், ரசீது மூன்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். பிராசசர் மாடலைக் குறிப்பிட்டு, பணம் திரும்ப வேண்டும் என்று ஒரு தேதி கொடுத்து எழுத்தில் கேளுங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றமோ சிறு வழக்கு மன்றமோ, உங்கள் ஊரில் எது உண்டோ அங்கே போகலாம், ஆனால் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒன்று, உங்கள் பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாகத் தாராளமாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் லேப்டாப்பில் இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம், "நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று விற்றவர் சொல்ல அது ஒரு வழியாகிவிடும்.