பூ ஜாடியில முறுக்கு குச்சி, அதாவது பூக்கடையில விக்கிற நெளிஞ்சு முறுக்கின மரக்கிளை, வெச்சா ஏன் பூவோட சேராம தனியா துருத்திக்கிட்டு நிக்குது? அது துளிர் விட்டா என்ன பண்றது?

நான் வடக்கு லண்டன்ல ஒரு பூக்கடையில ஆறு வருஷமா வேலை பார்க்கறேன், குளிர்காலம் வந்தா பூவை விட இந்தக் குச்சிதான் கையில அதிகம் இருக்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

துருத்திக்கிட்டு நிக்குதுன்னா பெரும்பாலும் பூவெல்லாம் வெச்சு முடிச்சுட்டு கடைசில குச்சியை சொருகியிருப்பீங்க. அதை மாத்துங்க. முதல்ல வெறும் ஜாடியில குச்சியை மட்டும் வைங்க, ரெண்டு மூணு போதும், ஒவ்வொண்ணையும் கையில பிடிச்சு மெதுவா சுத்திப் பாருங்க, ஒரு பக்கம் திரும்பும்போது அந்த வளைவு அப்படியே உங்களைப் பார்த்து வர்ற மாதிரி தெரியும், அதுதான் அதோட முன்பக்கம். ஜாடிக்கு மேல ஜாடி உயரத்துல ஒன்றரை மடங்கு தெரிஞ்சா அழகு. சின்னக் கிளைங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு இருந்தா தயங்காம வெட்டுங்க, ஆனா கணுவை ஒட்டி வெட்டணும், பாதில வெட்டுனா மொட்டையா கண்ணை உறுத்தும். நெளிவு தெரியணும்னா சுத்தி வெத்து இடம் வேணும்ங்க, அதை பூவால அடைச்சுட்டா அப்புறம் அந்தக் குச்சி எதுக்கு.

ஜப்பான்காரங்க இகெபானாங்கற பூ அலங்காரக் கலையில இதுக்கு கணக்கே வெச்சிருக்காங்க. 1927ல சோஃபு தேஷிகஹாரா ஆரம்பிச்ச சோகெட்சு முறையில பெரிய கிளைக்கு ஷின்னு பேர், ஜாடியோட உயரத்தையும் அகலத்தையும் கூட்டி அதுல ஒன்றரை மடங்கு நீளம், அடுத்தது அதுல முக்கால், மூணாவது அந்த ரெண்டாவதுல முக்கால். வீட்டுல ஸ்கேல் வெச்சு அளக்க வேண்டாம், ஆனா மூணும் ஒரே உயரத்துல நிக்கக் கூடாதுங்கறது மட்டும் மனசுல இருக்கட்டும்.

பூவும் கம்மியா போதும். எனக்கு ரொம்பப் பிடிச்சது மூணு அமரில்லிஸ், அதுக்கு தலை கனம், தண்டு உள்ளுக்குள்ள வெத்துக்குழாய், தனியா வெச்சா சாஞ்சுடும், குச்சிங்களுக்கு நடுவுல விட்டா குச்சிங்களே தாங்கிப் பிடிச்சுக்கும்.

துளிர் விடுதுன்னா உங்ககிட்ட இருக்கறது பெரும்பாலும் கர்லி வில்லோ, வட சீனா மரம். நம்ம ஊர்ல முருங்கைப் போத்து வெட்டி நட்டா வருதே அந்த மாதிரி ஜாதி இது, தண்ணில நின்னாலே வேரும் விட்டுடும். தாராளமா விடுங்க, அந்த இளம்பச்சை இலை பூ வாடின பிறகும் நாள்கணக்கா நிக்கும், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, தண்ணிக்குள்ள முங்கற இலையை மட்டும் கிள்ளிடுங்க. இலையே வேண்டாம்னா தண்ணி ஊத்தாம கூழாங்கல் போட்டு நிறுத்துங்க, காஞ்சு வருஷக்கணக்குல இருக்கும். வேர் விட்டதை தோட்டத்துல நடறதா இருந்தா வீட்டுச் சுவரையும் டிரெயினேஜ் பைப்பையும் விட்டு நல்லா தள்ளி நடுங்க, பத்து மீட்டருக்கு மேல வளர்ற மரம், வேர் தண்ணியைத் தேடிப் போகும்.

இதை விட இன்னும் கெட்டியா, திருகலா, விலையும் ஜாஸ்தியா ஒண்ணு வரும், அது கார்க்ஸ்க்ரூ ஹேசல். 1860கள்ல இங்கிலாந்துல க்ளாஸ்டர்ஷையர்ல ஒரு வேலியில தற்செயலா கண்டெடுத்த செடி, குச்சியை நட்டா வராது, ஒட்டுக்கட்டித்தான் வளர்க்கறாங்க, அதான் அந்த விலை. வடக்கு லண்டன் என்ஃபீல்டுல மிடல்டன் ஹவுஸ் தோட்டத்துல ஈ. ஏ. போல்ஸ்னு ஒருத்தர் இப்படி கோணல்மாணலா வளர்ற செடிங்களுக்குன்னே ஒரு மூலையை ஒதுக்கினார், அங்க முதல்ல வெச்சது இந்த ஹேசல்தான். லண்டன் பக்கம் இருந்தீங்கன்னா பிப்ரவரில போய்ப் பாருங்க, கோடையில போனா சுருண்ட இலைதான் தெரியும், பிப்ரவரில இலை ஒண்ணு இருக்காது, திருகின கிளை முழுக்க மஞ்சள் பூ வால் வாலா தொங்கும்.