மார்ச் முதல் மே வரையிலான வானிலை முன்னறிவிப்பை நம்பி வேலையைத் திட்டமிடலாமா?

கேள்வி: இந்திய வானிலைத் துறையின் மூன்று மாத, இரண்டு வார அறிவிப்புகளை வைத்து அறுவடை, விதைப்பு, மிளகாய் காயவைப்பு போன்றவற்றை முடிவு செய்யலாமா?

செய்யலாம். எந்த வேலைக்கு எந்த அறிவிப்பு என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

பிப்ரவரி இறுதியில் வரும் மார்ச்-மே வரைபடத்தில் தேதியைத் தேடாதீர்கள். அது நிகழ்தகவு மட்டுமே. முந்தைய ஆண்டுகளின் பதிவைக் குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று சம பங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீத வாய்ப்பு. உங்கள் பகுதியில் ‘அதிக வெப்பம் 45%’ என்று இருந்தால், அப்படி ஆகாமல் போக 55% வாய்ப்பு இருக்கிறது. வெள்ளையாக விட்ட இடத்தை ‘இயல்பு’ என்று படிப்பது பரவலான தவறு; எந்தப் பக்கமும் சாய்வு தெரியவில்லை என்பதே அதன் பொருள். மின்சாரம், குடிநீர், தீவனக் கையிருப்பு ஆகியவற்றுக்கு இது போதும். விதைக்கும் நாளைக் குறிக்கப் போதாது.

வியாழக்கிழமைதோறும் வரும் நீட்டிக்கப்பட்ட அறிவிப்பு அடுத்த இரண்டு வாரங்களைச் சொல்கிறது. இதில் வெப்பநிலையை மழையைவிட அதிகமாக நம்பலாம். கோடை மழை பெரும்பாலும் பிற்பகல் சூட்டில் சில மணி நேரத்தில் திரளும் இடிமேகத்தால் வருவது. எந்த ஊரில் கொட்டும் என்று பத்து நாள் முன்பு எந்தக் கணினி மாதிரியாலும் சொல்ல முடியாது. மழை வரைபடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு வாரத்தின் இயல்பு மழை 5 மி.மீ. என்றால், 8 மி.மீ. பெய்தாலே 60% கூடுதல், ‘மிக அதிகம்’ என்று அடர் நிறம் விழும். உழவுக்கு அது காணாது. சதவீதத்தைப் பார்க்குமுன் இயல்பு எத்தனை மி.மீ. என்று பாருங்கள்.

களத்து வேலைக்கு உதவுவது ஐந்து நாள் அறிவிப்பு. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வேளாண் வானிலை அறிக்கையில் வருகிறது. மேகதூத் செயலியிலும் கிடைக்கும். சென்னை மண்டல மையத்தின் அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரைதான் மழை. ‘ஒருசில இடங்களில்’ என்றால் 26 முதல் 50 வரை. ஓரிரு இடங்கள் என்று சொன்ன நாளில் உங்கள் ஊர் காய்ந்து கிடந்தால் அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. ‘கனமழை’ என்பது 64.5 மி.மீ.க்குக் குறையாதது. நாள் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை; விடியற்காலை மழை முந்தைய நாள் கணக்கில் சேரும். அறிக்கையில் ‘கிழக்கு, மேற்கு திசைக் காற்று சந்திக்கும் பகுதி’ என்ற வரி வந்தால் உள் மாவட்டங்களில் பிற்பகல் இடிமழைக்கு வாய்ப்பு கூடும். அன்று மிளகாயைக் களத்தில் விரித்துவிட்டு வெளியூர் போகவேண்டாம். மருந்து தெளிப்பையும் தள்ளிப்போடுங்கள்.

வெப்ப அலைக்குத் தனிக் கணக்கு. சமவெளியில் அதிகபட்சம் 40 டிகிரியைத் தொடவேண்டும், அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்கவேண்டும். 45ஐத் தொட்டால் இயல்பைப் பார்ப்பதில்லை. கடலோரத்தில் 37 டிகிரியும் அதே 4.5 கூடுதலும். அதனால் மார்ச்சில் உள் மாவட்டமொன்றில் 39.5 டிகிரி அடித்து, அது இயல்பைவிட 5 டிகிரி கூடுதலாக இருந்தாலும் ‘வெப்ப அலை’ என்ற சொல் அறிக்கையில் வராது. உடம்புக்கு அந்த வரையறை தெரியாது. வெளிவேலைக்கு ஆள் வைப்பவர்கள் அந்தச் சொல்லுக்காகக் காத்திராமல் ‘இயல்பைவிட எத்தனை டிகிரி’ என்ற வரியைப் பார்த்து, 12 முதல் 3 மணி வரை வேலையை நிறுத்துவது நல்லது.

இடிமேகம் கிளம்பிய பிறகு ஐந்து நாள் அறிவிப்பை மறந்துவிட்டு, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும் பாருங்கள். மின்னலுக்கு தாமினி செயலி இருக்கிறது.